வந்திருப்பேன்

தப்பாக எழுத வேண்டும். அது முடிவாகிவிட்ட விஷயம். ஆனால் எப்படித் தப்பாக எழுதுவது என்பதுதான் லிப்ட்காரருக்குப் பிடிபடவில்லை.

கேள்வித்தாள் எதிரே விரிந்து கிடந்தது. எல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் வாக்கியங்கள். எல்லாமே ‘வந்திருப்பேன், சொல்லியிருப்பாய், செய்திருப்பார்கள்’ ரகம். நடந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை என்று பெருமூச்சு விடுவதற்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் தனியாக ஒரு வினை உருவம் செய்து வைத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் அதற்கு ஏதோ நீளமான பெயர். வகுப்பில் எல்லோரும் சுருக்கமாக ‘இருப்பேன் பாடம்’ என்பார்கள். புத்தகத்தில் அதுதான் கடைசி. அதில் பாஸ் ஆகிவிட்டால் படிப்பு முடிந்தது, கையில் சான்றிதழைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த வீட்டுக்குப் போகத்தான் அவருக்கு மனசில்லை.

முதல் கேள்வி: ‘நீங்கள் கூப்பிட்டிருந்தால் நான் வந்திருப்பேன்.’ கடைசி வார்த்தைக்கு பிரெஞ்சில் எழுத வேண்டும். ‘ழ ஸெரே வெனு’ என்று சரியான விடை தானாக வந்து பேனா முனையில் உட்கார்ந்துகொண்டது. அவர் பேனாவை உதறினார். போகவில்லை.

சாதாரணக் கையா அது? வாழ்க்கையில் பாதிக்கு மேல் லிப்ட் பழுது பார்த்த கை. ஒரு நட்டைக்கூட அரைகுறையாக முறுக்கிவிட்டு வந்ததில்லை. அப்படிப்பட்ட கையைப் பிடித்து, ‘வந்திருப்பேன்’ என்பதற்குப் பக்கத்தில் தவறான துணை வினையைப் போடு என்றால் கேட்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு ‘ழோரே வெனு’ என்று எழுதினார். மூன்றாவது மாடியில் லிப்ட் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தது போல இருந்தது.

அங்கங்கே இன்னும் சில தப்புகள் செய்தார். ஒரு வினையின் வாலை வெட்டினார், இன்னொன்றுக்கு இல்லாத வாலை ஒட்டினார். பிறகு தாங்கவில்லை. ‘போதும். இவ்வளவு கோளாறு இருக்கிற வண்டிக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அவரை பிரெஞ்சு படிக்க அனுப்பியது கம்பெனிதான். வெளிநாட்டிலிருந்து புது மாதிரி லிப்ட் வந்து இறங்கியது. கூடவே தடித்தடியாகக் கையேடுகள், அத்தனையும் பிரெஞ்சில். மெக்கானிக்குகளில் யாராவது ஒருவர் அந்த மொழியைப் படித்தாக வேண்டும் என்றதும் இளவட்டங்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். ஒருவனுக்குப் புதுக் கல்யாணம், ஒருவனுக்குக் கைக்குழந்தை. எதற்கெடுத்தாலும் ‘அவசரம், அவசரம்’ என்று பறப்பதால் அவசரம் என்றே பெயர் வாங்கிய சூப்பர்வைசர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இவரைக் காட்டி, “இவருக்கென்ன, குழந்தையா குட்டியா? சாயங்காலம் சும்மாதானே இருக்கார்!” என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, உண்மைதான். உண்மை என்பதால்தான் சுருக்கென்றது.

மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்கு ஒரே சாவி. அழைப்பு மணி வேலை செய்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது. அழுத்த ஆள் வேண்டுமே. போன் மட்டும் அடிக்கும். எடுத்தால், “சார், மாட்டிக்கிட்டோம், சீக்கிரம் வாங்க!” என்று யாராவது அலறுவார்கள். போய், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பயப்படாதீங்க, மூச்சு நல்லா விடுங்க, பேர் என்ன, எந்த வீடு, பிள்ளைங்க எத்தனை பேர் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். உள்ளே இருப்பவர்களும் சொந்த அண்ணனிடம் பேசுவது போல மனம் விட்டுப் பேசுவார்கள். கதவு திறந்ததோ இல்லையோ, விட்டால் போதும் என்று ஓடுவார்கள். திரும்பிப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. அவருடைய நீண்ட உரையாடல்கள் எல்லாம் இப்படி முகம் தெரியாத கதவுகளோடுதான்.

மொழிப் பள்ளி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே லிப்ட் கிடையாது. படியேறும்போதெல்லாம், எந்தச் சுவரை இடித்து எங்கே குழி போட்டால் ஒரு சின்ன லிப்ட் வைக்கலாம் என்று அவர் மனம் கணக்குப் போடும். வகுப்பில் ஒரு நர்ஸ், ஒரு பேக்கரிக்காரர், இரண்டு மூன்று கல்லூரி மாணவிகள். பாடம் நடத்துவது டீச்சர். ஐம்பதை ஒட்டிய வயது, வெட்டு ஒன்று துண்டு இரண்டான பேச்சு, முழங்கை வரை சாக்பீஸ் தூள். அவரும் தனி ஆள்தான் என்று பேக்கரிக்காரர் ஒருமுறை காதைக் கடித்தார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் அவரவர் வழியில் சிதறுவார்கள். டீச்சரும் லிப்ட்காரரும் மட்டும் ஒரே பஸ் நிறுத்தம். வேறு வேறு பஸ். டீச்சருடையது சீக்கிரமே வந்துவிடும். “கூட்டமா இருக்கு, அடுத்ததுல போறேன்,” என்பார். பாவம், கூட்டம் என்றால் இவருக்கு ஆகாது போலிருக்கிறது என்று லிப்ட்காரர் நினைத்துக்கொள்வார். அடுத்த பஸ் வரும்வரை வினைச்சொல் பற்றிப் பேச்சு நடக்கும். மழை பற்றி, செருப்பு கடிப்பது பற்றி, டீச்சர் வீட்டுக் குழாய் சொட்டுவது பற்றி. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் மூடிய கதவு எதுவும் இல்லை. முகம் பார்த்துப் பேசும் பேச்சு. அதற்காகத்தான் அவர் பரீட்சையில் தப்பு எழுதினார்.

ரிசல்ட் வந்த அன்று டீச்சர் தலையை நிமிர்த்தாமல், “நீங்க ஃபெயில்,” என்றார்.

“அடடா,” என்று லிப்ட்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வராந்தாவுக்கு வந்ததும் தொங்கிய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே சீட்டியடித்தார்.

சந்தோஷம் மறுநாள் காலை வரைதான் நின்றது.

“என்னய்யா இது அநியாயம்?” என்று அவசரம் பிடித்துக்கொண்டார். “எத்தனை பேர் மாட்டினாலும் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இறக்கிவிடுற ஆளு, ஒரு பரீட்சையில போய் மாட்டிக்கிட்டு நிக்கிறியே!”

“திரும்ப ஒருதரம் அதே பாடத்தை உட்கார்ந்து படிச்சா வந்துடும் சார்.”

“ஏன் வரலை, அதைச் சொல்லு.”

வாயில் வந்ததைச் சொன்னார் லிப்ட்காரர். “டீச்சர் ரொம்பக் கண்டிப்பு சார். ஒரு புள்ளி விட்டாலும் மார்க்கை வெட்டிடுவாங்க.”

சும்மா தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை. ஆனால் அவசரத்திடம் சொன்ன வார்த்தை சும்மா கிடக்குமா? அங்கேயே போனை எடுத்து மொழிப் பள்ளி முதல்வரைப் பிடித்துவிட்டார். “எங்க கம்பெனியில தங்கமான ஆளு சார். உங்க டீச்சர் வேணும்னே வெட்டறாங்களாம்!”

அன்று சாயங்காலம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முதல்வர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெடுநெடுவென்று ஒட்டடைக் கோல் மாதிரி மனுஷன். பெஞ்சுக்கு அடியில் காலை மடக்க முடியாமல் அவர் நெளிய, கரும்பலகை முன்னால் டீச்சரின் கையில் சாக்பீஸ் ஒன்றுக்கு இரண்டு தடவை உடைந்தது. பாடத்தின் நடுவே டீச்சர் லிப்ட்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கோபப் பார்வையாக இருந்திருந்தால்கூட தாங்கியிருப்பார். அது வெறும் களைப்பு.

மணி அடித்ததும் லிப்ட்காரர் முதல்வர் பின்னாலேயே ஓடினார்.

“சார், டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் என் மண்டைதான். சுத்தக் களிமண். எங்க வாத்தியாருங்க எல்லாரும் அப்பவே சொல்லியிருக்காங்க.”

முதல்வர் நின்றார். பிரச்சினை என்று ஒன்று கிடைத்தால் அவருக்குப் பசியே எடுக்காது. “அப்படியா? களிமண்ணா?” என்று ஆசையோடு கேட்டார். “கவலைப்படாதீங்க. நாளையிலிருந்து வகுப்புக்கு முன்னாடி உங்களுக்கு மட்டும் தனி வகுப்பு. டீச்சர்கிட்ட நான் சொல்லிடறேன்.”

குதித்துப் படியிறங்கும்போதுதான் லிப்ட்காரருக்கு உறைத்தது. பத்துப் பேருக்கு நடுவே முட்டாளாக இருப்பது சுலபம். ஒருவர் எதிரே தனியாக உட்கார்ந்து முட்டாளாக இருக்க வேண்டும் என்றால் அதற்குப் படிக்க வேண்டும்.

படித்தார். வீட்டைக் கூட்டி, விளக்குமாற்றை ஓரமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வினைக்கும் நம்பத் தகுந்த மாதிரி ஒரு தப்பைக் கண்டுபிடித்து மனப்பாடம் செய்தார். சரியாகப் படித்திருந்தால் இதில் பாதி உழைப்புக்கூட ஆகியிருக்காது.

தனி வகுப்பில் டீச்சர் ஆரம்பத்திலிருந்து வந்தார். “ரெண்டு கட்சி இருக்கு. போனவன், வந்தவன், பிறந்தவன், செத்தவன், விழுந்தவன், இவங்கள்லாம் ஒரு கட்சி. ‘இரு’ங்கிற துணை வினையை முன்னாடி வச்சுக்குவாங்க. தின்னவன், சொன்னவன், செஞ்சவன்னு மிச்ச ஜனமெல்லாம் இன்னொரு கட்சி. ‘வச்சிரு’ங்கிற துணை வினை. முன்னாடி நிக்கிற துணை வினைதான் ‘இருப்பேன், இருப்பாய்’னு ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும். பின்னாடி முடிஞ்சுபோன வினை இடிச்ச புளி மாதிரி நிக்கும். புரியுதா?”

“ஏறுறதும் இறங்குறதும் எந்தக் கட்சி டீச்சர்?”

டீச்சர் நிமிர்ந்தார். “ஏன் கேட்கறீங்க?”

“என் பொழப்பே அதுதானே.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து லிப்ட்காரர் பார்த்ததில்லை. “அது ரெண்டு கட்சியிலயும் இருக்கும். நீங்களே ஏறினா ‘இரு’ கட்சி. ஒரு சாமானை மேலே ஏத்தினா ‘வச்சிரு’ கட்சி.”

“அப்போ லிப்ட் என்னை ஏத்தினா?”

“லிப்ட் வச்சிருக்கு, நீங்க இருக்கீங்க,” என்றார் டீச்சர். இரண்டு பேரும் சிரித்தார்கள். தாழ்ப்பாள் உடைந்த ஜன்னல் காற்றில் படபடத்தது.

அந்தச் சிரிப்பில்தான் சறுக்கல் நேர்ந்தது. “சரி, நீங்களா ஒரு வாக்கியம் சொல்லுங்க,” என்று டீச்சர் கேட்டதும், மனப்பாடம் செய்த தப்புகள் எல்லாம் மறந்துபோய், லிப்ட்காரர் வாயிலிருந்து பிசிறில்லாத பிரெஞ்சு வந்து விழுந்தது. துணை வினை சரி, கட்சி சரி, உச்சரிப்பும் சரி. அர்த்தம் இதுதான்: ‘வீட்டில் யாராவது எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருந்தால், நான் சீக்கிரம் திரும்பியிருப்பேன்.’

சாக்பீஸ் அப்படியே நின்றது. டீச்சர் அவரைப் பார்த்தார். ஜன்னல் கூடப் படபடப்பதை நிறுத்தியது போலிருந்தது.

போச்சு, குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று லிப்ட்காரர் பதறினார். “இல்லை டீச்சர், தப்பு, தப்பு! ‘ழ ஸெரே’ இல்லை, ‘ழோரே ரான்த்ரே’! அதானே சரி?”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். அப்புறம் மூச்சை விட்டு, “அது தப்பு,” என்றார். “இன்னும் உங்களுக்கு வரலை. நாளைக்குத் திரும்பப் பார்க்கலாம்.”

தப்பித்தோம் என்று லிப்ட்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது பரீட்சையில் அவர் கலைநயத்தோடு தப்பு செய்தார். பெண் ஒருத்தி ‘நான் வந்திருப்பேன்’ என்று எழுதினால் அந்த மொழியில் கடைசியில் ஓர் எழுத்து கூடும். எழுத்தில் தெரியும், காதில் விழாது. இவர் அந்த எழுத்தைத் தன் வாக்கியத்தில் ஒட்டிவைத்தார். இன்னும் நாலைந்து இடத்தில் கட்சி மாற்றினார். மற்றதைத் தப்பாக்க மனம் ஒப்பவில்லை; டீச்சர் அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததாயிற்றே.

தாளைப் பார்த்த டீச்சர், “நீங்க எப்போ பொம்பளை ஆனீங்க?” என்று மட்டும் கேட்டார். ரிசல்ட்: ஃபெயில்.

இந்தத் தடவை வெடித்தது வேறு திசையில். ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, உனக்கு என்ன ஆச்சு? ஒரே பாடத்துல ரெண்டு தரம் ஃபெயிலாமே! உங்க சூப்பர்வைசர் சொன்னார்.”

“அந்த மனுஷன் உனக்கும் போன் பண்ணிட்டாரா?”

“பண்ணாம? ஞாபகமெல்லாம் சரியா இருக்கான்னு கேட்டார். எனக்குப் பயமாயிடுச்சு. என் பிறந்த நாள் என்னைக்கு, சொல்லு பார்ப்போம்.”

லிப்ட்காரர் விழித்தார். தங்கையின் பிறந்த நாள் அவருக்கு எந்தக் காலத்திலும் ஞாபகம் இருந்ததில்லை. மனைவிதான் ஞாபகப்படுத்துவாள்.

“பார்த்தியா!” என்று தங்கை அழவே ஆரம்பித்துவிட்டாள். “அண்ணி இருந்திருந்தா உன்னை இப்படி விட்டிருப்பாங்களா?”

தங்கையும் ‘இருப்பேன் பாடம்’ தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தப்பில்லாமல் பேசுகிறாள்.

அழுத கையோடு தங்கை அவசரத்திடம் பேச, திங்கட்கிழமை காலை கருவிப் பையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். “ஞாபகம் தடுமாறுற ஆளைக் கம்பிக்கயித்துல தொங்கவிட முடியாதுய்யா,” என்றார் அவசரம், அவர் சுபாவத்துக்கே வராத சாந்தமான குரலில். அந்தச் சாந்தம்தான் லிப்ட்காரரை உலுக்கியது. “பாஸ் பண்ணிட்டேன்னு காட்டு. அன்னைக்கே பையைத் திருப்பித் தர்றேன். அதுவரைக்கும் ஸ்டோர் ரூம்ல போன் எடு.”

ஸ்டோர் ரூமில் நட்டும் போல்ட்டும் கிரீஸ் டப்பாவும்தான் துணை. போன் அடிக்கும். “மாட்டிக்கிட்டோம்!” என்பார்கள். பெயரைக் குறித்துக்கொண்டு வேறு ஆளை அனுப்ப வேண்டும். “பயப்படாதீங்க, பிள்ளைங்க எத்தனை பேர்?” என்று ஆரம்பித்தால், “அதை ஏன் சார் கேட்கறீங்க, ஆளை அனுப்புங்க!” என்று வைத்துவிடுவார்கள். இருந்த ஒரு கதவுப் பேச்சும் போயிற்று.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் டீச்சரும் வழக்கம் போல இல்லை. அவருடைய பஸ் வந்தது, காலியாகவே வந்தது. டீச்சர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“முதல்வர் கூப்பிட்டுப் பேசினார்,” என்றார். “தனி வகுப்பு எடுத்தும் ஒருத்தரைத் தேத்த முடியலைன்னா டீச்சர்கிட்டதான் கோளாறுன்னு சொல்றார். அடுத்த பேப்பரை அவரே கேள்வி போட்டு, அவரே திருத்தப் போறாராம். அதுலயும் போச்சுன்னா என்னைக் காலை வகுப்புக்கு மாத்திடுவாங்க.”

“காலையில யாருக்கு?”

“சின்னப் பசங்களுக்கு. எழுத்து சொல்லித்தர.”

“அப்போ சாயங்கால வகுப்பு?”

“வேற யாராவது வருவாங்க.”

முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்பார்களே, அந்த நிலைமை. தப்பாக எழுதினால் டீச்சர் போய்விடுவார். சரியாக எழுதினால் இவர் போக வேண்டியதுதான். எப்படி எழுதினாலும் இந்த நிறுத்தத்தில் இரண்டு பேர் நிற்கப் போவதில்லை. ஆனால் ஒன்றில் டீச்சருக்குக் கெட்ட பெயர், இன்னொன்றில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதே லிப்ட்காரர் முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்வது வேறு, எழுதுவது வேறு. இத்தனை நாள் உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்த தப்புகள் இப்போது போகமாட்டேன் என்றன. மூன்றாவது பரீட்சையில் எந்த விடையைப் பார்த்தாலும் இது அசலா, நாம் செய்த போலியா என்று சந்தேகம் வந்தது. எதிரே முதல்வர் ஒட்டடைக் கோல் மாதிரி நின்றிருந்தார். லிப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போனவன், வந்தவன், பிறந்தவன், செத்தவன், விழுந்தவன் என்று டீச்சர் குரலில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அந்தக் குரலில் கேட்டதும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு விடையையும் இறுக முறுக்கினார்.

கடைசிக் கேள்வி முதல்வர் புதிதாகச் சேர்த்தது. ‘மறுபடி ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சில வாக்கியங்கள் எழுதுக.’

வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். அவர் யாருக்கோ லிப்ட் சரி பார்த்துவிட்டு நேரம் கழித்து வரும் நாட்களில் மனைவி மாடிப்படி விளக்கை அணைக்காமல் வைத்திருப்பாள். ஏன் மின்சாரத்தை வீணாக்குகிறாய் என்று அவர் கடிந்துகொள்வார். ‘தெரிந்திருந்தால், கடிந்திருக்க மாட்டேன். சீக்கிரம் வந்திருப்பேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த விளக்கை அணைத்திருப்போம்.’ கட்சி, துணை வினை, வால், எதிலும் பிழை இல்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது ஒரு வார்த்தை மட்டும் நனைந்து கலங்கியிருந்தது. அதை மறுபடி தெளிவாக எழுதினார். முதல்வர் மார்க் வெட்டிவிடக் கூடாதே.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் முதல்வரே ரிசல்ட்டை அறிவித்தார். “ஒரே ஒரு தப்புகூட இல்லை! களிமண்ணுன்னு சொன்னார். பாருங்க, தனி வகுப்பு என்ன வேலை செஞ்சிருக்குன்னு. இதுக்கெல்லாம் காரணம் நம்ம டீச்சர்தான்.” நர்ஸ் கை தட்டினாள். பேக்கரிக்காரர் இவர் முதுகில் ஓங்கித் தட்டினார். டீச்சர் சாந்தமாக நின்றிருந்தார். ஒரு புது சாக்பீஸை எடுத்து, காரணமில்லாமல் இரண்டாக உடைத்தார்.

எல்லோரும் போனபின் லிப்ட்காரர் மேஜை அருகே போய் நின்றார்.

டீச்சர் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொன்னார். ‘நீங்கள் இதற்கு முன்பே பாஸ் பண்ணியிருக்கலாம்.’

“பண்ணியிருக்கலாம் டீச்சர்,” என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

“இனிமே கையேடெல்லாம் நீங்களே படிச்சுக்கலாம்.”

“கையேட்டுல இந்த இருப்பேன், கிருப்பேன்லாம் வராது டீச்சர். அழுத்து, திருப்பு, தொடாதே, அவ்வளவுதான்.”

“அப்போ இதைப் படிச்சது வீண்தானா?”

வீண் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் வாயில் வந்தது வேறு. “குழாய் இன்னும் சொட்டுதா டீச்சர்?” என்று கேட்டுவைத்தார்.

“சொட்டுது.” டீச்சர் தாள்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். “நீங்க போங்க, உங்க பஸ் வந்துடும். எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு.”

சரி என்று வராந்தாவுக்கு வந்தார். நாளை காலை கருவிப் பை கைக்கு வந்துவிடும். மறுபடியும் கதவுகள், மறுபடியும் பேச்சு, திறந்ததும் ஓட்டம். சாயங்காலம் வீடு. எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது. ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும் என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார்.

படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் ஆபீஸ்காரம்மா உட்கார்ந்திருந்தாள். சேர்க்கை, ரசீது, மார்க் பதிவது எல்லாம் அவள்தான். அவரைப் பார்த்ததும் சான்றிதழை எடுத்து முத்திரை குத்தி, மை காய உஃப் உஃப் என்று ஊதினாள்.

“ஸ்வீட் எங்கே சார்? பாஸாயிட்டீங்க!”

“நீங்க வேற, கேலி பண்ணாதீங்கம்மா,” என்றார் லிப்ட்காரர். “ஊர்ல எல்லாரும் ஒரே தரத்துல எழுதிட்டுப் போற பாடம். நான் மூணாவது தரம் எழுதித்தானே தேறினேன்.”

ஆபீஸ்காரம்மா ஊதுவதை நிறுத்தினாள். வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“என்ன சார் நீங்க, மூணு தரமுமே நீங்க பாஸ்தான்; முதல் ரெண்டு தரமும் டீச்சர்தான் இங்க வந்து நின்னுக்கிட்டு, ‘இப்போ பாஸ்னு சொல்லிட்டா அப்புறம் அவர் வரவே மாட்டார்’னு ஃபெயில் போடச் சொன்னாங்க!”